எல்கேஜிக்கு இறங்கிய டீச்சர்

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் வகுப்பு ஏறுவார்கள். ஞானபாக்கியம் டீச்சர் இறங்கினார். ராஜபாளையத்தில் மில் தொழிலாளர் பிள்ளைகள் எல்கேஜியில் சேர்ந்து ஐந்தாவது முடித்துப் போகிற சின்னப் பள்ளி இது. வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டீச்சர் முதலில் ஐந்தாம் வகுப்புக்குத்தான் பாடம் எடுத்தார். கரும்பலகையில் இருப்பதைப் பிள்ளைகள் அச்சு மாதிரி எழுதின. "காலையில என்ன சாப்பிட்டன்னு ரெண்டு வரி எழுது" என்றால் பேந்தப் பேந்த விழித்தன. கோளாறு எங்கே என்று பார்க்க, அடுத்த வருடம் நான்காம் வகுப்பைக் கேட்டு வாங்கினார். அங்கும் அதே கதை. வருடத்துக்கு ஒரு வகுப்பாக இறங்கி, கடைசியில் எல்கேஜியில் போய் உட்கார்ந்தார். அவர் விட்டுப்போன ஐந்தாம் வகுப்புக்கு வந்தவன் நான், பெலிக்ஸ். அந்த அம்மாவுக்கு ஏதோ தண்டனை போலிருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன்.

கோளாறு எல்கேஜியில்தான் என்றார் டீச்சர். மூன்றரை வயது விரலில் பென்சிலைத் திணித்து நோட்டை நிரப்பச் சொன்னால், எழுத்து என்பது பார்த்து வரைகிற வேலை என்று பிள்ளை முடிவு கட்டிவிடுமாம். அதனால் அவர் வகுப்பில் நோட்டே கிடையாது. களிமண் பிசைவார்கள், பாசிமணி கோப்பார்கள், கதை கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். மேல் வகுப்புகளுக்கும் அவர் திட்டம்தான்: யுகேஜியில் தரையில் சாக்பீஸால் முழ நீளத்துக்கு 'அ' போடலாம். பென்சில் ஒன்றாம் வகுப்பில்தான். அதற்குப் பிறகு வேகம் பிடிக்கும். மூன்றாவதில் கடைக்காரரிடம் கேள்வி கேட்டு வந்து எழுத வேண்டும். என் வகுப்புக்கு வரும்போது, பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுத வேண்டும். என் கணக்குப் பாடத்தைப் பற்றி என்னிடமே பதினேழு புகார்க் கடிதங்கள் வந்தது அப்படித்தான். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

2019 பொங்கல் முடிந்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் காளிராஜ் எழுந்தார். நூல் மில்லில் மேஸ்திரி. மகள் தர்ஷிகா எல்கேஜி.

"பள்ளிக்கூடம் வந்து எட்டு மாசம் ஆச்சு டீச்சர். ஒரு எழுத்து எழுதத் தெரியல. தளவாய்புரத்துல எங்க அக்கா மக ஏ டு இசட் எழுதுதா. டீசியக் குடுங்க, நாங்க போறோம்."

டீச்சர் அசரவில்லை. "உங்க மில்லுல புதுசா ஒரு ஆள் வந்தா, மொத நாளே மிஷின்ல விட்டுருவியளா சார்?"

"அதெப்படி? கை பழகணும்லா! அறுந்த நூல ஒட்டவே பதினஞ்சு நாள் பழக்குவோம்."

தவளை தன் வாயால் கெடும். கூட்டம் கொல்லென்று சிரித்தது. காளிராஜுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பேச்சுல ஜெயிச்சிருவிய. நாளைக்கு எம் பிள்ளைக்கு எழுத வரலைன்னா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு. அஞ்சாவது முடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய பள்ளிக்கூடத்துல ஆறாவதுக்குப் பரீட்சை எழுதுவால்லா? அதுல சொந்தமா பத்து வரி எழுதலைன்னா, மறுநாளே வேலைய விட்டுருதேன்."

நாங்கள் பதறிப்போனோம். இந்தச் சம்பளத்தில் ஓடுகிற குடும்பம் அவருடையது. டீச்சரோ மறுநாளும் கை நிறையக் களிமண்ணோடு இருந்தார்.

நடுவில் கொரோனா வந்தது. பென்சில் பிடிக்க வேண்டிய வருடத்தில் பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். டீச்சர் முகக்கவசத்தோடு தெருத்தெருவாகப் போய் வாசலில் நின்று சொல்லிக்கொடுத்தார். காளிராஜ் பார்க்கிற இடத்தில் எல்லாம், "டீச்சர், சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்குல்லா?" என்பார். "நல்லா இருக்கு சார்" என்பார் டீச்சர். பயந்தவன் நான்தான், பிள்ளை பரீட்சைக்குப் போவது என் வகுப்பிலிருந்து.

போன ஏப்ரலில் தர்ஷிகா ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பரீட்சை எழுதினாள். அங்கே விடைத்தாளைக் காட்டியபோது காளிராஜ் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் நேராக எங்களிடம் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனை என் கையில் கொடுத்து, "வாசிங்க சார்" என்றார். தலைப்பு, 'என் பள்ளி'.

"முதல் இரண்டு வருஷம் என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. அதற்காக அப்பா சண்டை போட்டார். எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தேன். பென்சில் கொடுத்ததும் எழுத ஆரம்பித்தேன்." இப்படியே பக்கம் முழுக்கப் போய், கடைசியில், "இன்னும் இருக்கிறது. ஆனால் தாள் முடிந்துவிட்டது" என்று நின்றது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காளிராஜ் போனை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார்.

"சின்னவ ஜூன்ல எல்கேஜி வாரா. அவ அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் நீங்க வேலைய விடக் கூடாது டீச்சர்."

"அதுக்கு ஏழு வருஷம் ஆகும் சார். நான் ரிட்டயர் ஆக அஞ்சு வருஷம்தான் இருக்கு."

"அப்பம் ரெண்டு வருஷம் கூட இருங்க" என்றார் காளிராஜ், மில்லில் ஓவர்டைம் போடச் சொல்லுகிற அதே குரலில்.