விழாத வலிப்பு

சந்தேகம் என் கூடப் பிறந்தது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வயிற்றுவலி என்றால்கூட முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவேன். அப்படிப்பட்ட எனக்கு, அறுபதுகளில் அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் என் வீட்டுக்காரரின் மூக்குக்குக் கிடைத்த மரியாதை ஆரம்பம் முதலே பிடிக்கவில்லை.

அவர் அங்கே போர்மேன். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் நின்றபடி திடீரென்று, "கருகுற வாடை வருது" என்பார். எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். தேடினால் ஒன்றும் இருக்காது. முன்கூட்டியே மோந்து காப்பாற்றிவிட்டார் என்று கும்பிடாத குறையாகப் பேசுவார்கள்.

வீட்டில் அடுப்பே பற்றவைக்காதபோதும் அவருக்கு அந்த வாடை வந்தது. உடனே பேச்சு நின்றுவிடும். வாய் எதையோ மெல்லும், விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகும். பிறகு கேட்டால், "எப்ப கூப்பிட்ட?" என்பார். குடிக்கிறாரோ என்று வாயை மோந்து பார்த்தேன். இல்லை. எனக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க நடிக்கிறாரோ என்று அடுத்த சந்தேகம். ஒருநாள் சுடச்சுடக் காப்பியைத் தொடையில் கொட்டிக்கொண்டு, அசையாமல் வாயை மென்றுகொண்டிருந்தார். அதை யாரும் நடிக்க முடியாது. அந்தக் கையால்தானே மருந்து கலக்கிறார்!

மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைத்தான் துருவினார். கண்டதையெல்லாம் ஒப்பித்தேன். வலிப்பு என்றார்.

"நான் எங்கனயும் விழலையே?" என்றார் இவர். எங்கள் ஊரில் விழுந்து நுரை தள்ளினால்தான் வலிப்பு; கையில் இரும்பைக் கொடுப்பார்கள்.

"விழாத வலிப்பும் உண்டு. அந்த வாடையே அதோட தொடக்கம். சின்னதுன்னு விட்டா நாளைக்குப் பெருசாவும் வரலாம்" என்ற டாக்டர், அவர் காதுக்கு மேலே தொட்டார். "மூளையில கோளாறு இங்கேன்னு காட்டிக்கொடுக்கிறதும் இந்தச் சின்னதுதான்." மருந்து அறைப் பக்கமே போகக்கூடாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் என்னைச் சந்தேகப்பட்டார். வேலையை விடவைக்க நான்தான் டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்தேனாம். மாத்திரை சாப்பிடத் தொடங்கி, வாடை வருவது நின்ற பிறகுதான் நம்பினார்.

அவர் வேலைக்கு வராததைப் பார்த்து மருந்து அறைப் பெண்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, நீங்க இருக்கீகன்னுதான் அம்புட்டு பேரும் தைரியமா உள்ள இருந்தோம். நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா பயமில்லைன்னு நினைச்சுக்கிடுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வேறு ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அது என் சீக்கு, தாயி. நெசத் தீயோட வாடை எனக்கு ஒருநாளும் வந்ததில்ல."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள்.