பெர்பெத்துவாவின் பதினோரு ஓட்டு

பெர்பெத்துவாவின் பாரில் மூன்றே மேசைகள். ஊர் அரசியல் முழுக்க அந்த மூன்றில்தான் நடந்தது. முப்பது வருடமாக ஏணிச் சின்னத்துக்கு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள் அவள். குரல் கணீரென்று இருக்கும். வாய் அதைவிட நீளம். ஊர்க்குன்றை வெட்டி விற்க ஏணிக்காரர்களும் தலையாட்டியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில், புதிதாக முளைத்த கூடைக் கட்சியில் போய்ச் சேர்ந்தாள்.

கூடைக்கு நானூற்றுச் சொச்சம் ஓட்டு விழுந்தது. ஏணி பதினோரு ஓட்டில் தோற்றது. ஜெயித்தவனோ குன்றை வாங்கிய கான்டிராக்டரேதான்.

அன்றிலிருந்து ஊரில் அவளுக்குப் 'பதினோரு ஓட்டு' என்றே பெயர். மீன்காரிகூட, பதினோரு மத்தி போதுமா அக்கா என்று கேட்டுச் சிரித்தாள். பெர்பெத்துவாவா விடுவாள்?

"ஓட்டு என்ன அவனுங்க அப்பன் வீட்டுச் சொத்தா, நான் பிரிச்சுக் குடுக்க?"

வெளியே அப்படி வீறாப்பு. ஆனால் மண் லாரி ஒவ்வொன்றும் கடையைத் தாண்டும்போது, நாம்தான் கெடுத்துவிட்டோமோ என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

அதைவிடப் பெரிய வலி, கையெத்தான் என்ற பழைய சிநேகிதர். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவள் மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் அவளுக்குக் 'கும்பார்'. ஏணிக் கொடியை இன்னும் கீழே வைக்காத மனிதர். தினமும் சாயங்காலம் ஒரு கிளாஸ் பெனிச் சாராயமும் ஒரு மூச்சுச் சண்டையுமாக இருந்தவர், தேர்தல் முடிந்ததும் பார் பக்கமே வரவில்லை. மே மாதம் தெருச் சிலுவையடியில் லதாயின் பாடும் நாள் வந்தது. இருபத்தெட்டு வருடமாக அந்தப் பிரார்த்தனையில் முதல் குரல் அவளுடையது, இரண்டாம் குரல் அவருடையது. இந்த முறை தொண்டை சரியில்லை என்று ஆள் அனுப்பிவிட்டார்.

பெர்பெத்துவா ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர் வீட்டுக்கே போனாள்.

"என்னாலதான் தோத்துச்சுன்னே வச்சுக்குங்க, கும்பார். நல்லாத் திட்டுங்க. திட்டிட்டு வந்து பாடுங்க."

கையெத்தான் தலை நிமிரவில்லை.

"உம்மேல கோவமே இல்ல, பெர்பே. உன் மூஞ்சில முழிக்க எனக்குத்தான் வெக்கமா இருக்கு."

பிறகு மெல்லச் சொன்னார். பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போவதற்காக, போர்ச்சுகீசியர் ஆண்ட ஊர்க்காரர் என்ற உரிமையில், போன வருடமே குடும்பத்தோடு போர்ச்சுகீசு பாஸ்போர்ட் வாங்கியாகிவிட்டது. வாங்கியதும் இந்தியக் குடியுரிமையோடு வாக்காளர் பட்டியலில் இருந்த பெயரும் போய்விட்டது. ஊருக்குத் தெரியாமல் மறைத்தே கொடியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்திருக்கிறார்.

"எங்க வீட்டுல ஏழு, தம்பி வீட்டுல ஆறு. ஒரு ஓட்டும் இல்ல. பழி மட்டும் உனக்கு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பதின்மூன்றை அவள் சந்தை முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பாள். இப்போது வாயில் வந்தது வேறு கேள்வி.

"அப்ப நீங்களும் போறீங்களா?"

"ஜூன்ல, சாவ் ஜுவாவ் திருநாள் முடிஞ்சதும்."

பெர்பெத்துவா அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"பதினோரு ஓட்டு போனா அஞ்சு வருஷத்துல திரும்பப் புடிச்சுக்கலாம், கும்பார்," என்றாள். "நீங்க போயிட்டா நான் யாருகூடச் சண்டை போடுவேன்?"