நாணல் மேட்டில் கிடந்தவர்கள்

கல்லறைக் குழி வெட்டுகிறவர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்க எங்கள் ஊரில் யாரும் விரும்புவதில்லை. எனக்கு அப்படித்தான் வாய்த்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நான், பீர் காய்ச்சும் இட்டா. அந்தப் பக்கம் கெர்லாக்கும் அவர் மனைவி ரிலிண்டும் இருந்தார்கள். மனிதர் பயங்கரக் கேலிக்காரர். தெருவில் யாராவது இருமினால், "கொஞ்சம் பொறுத்துக்கோப்பா, தரை உறைஞ்சு கெடக்கு. பனி உருகட்டும்" என்பார். அதற்கு ரிலிண்ட் உள்ளேயிருந்து வைவாள்.

பேராயர் எபர்வின் முதன்முதலில் ஊருக்குள் வந்த நாளில் நாங்கள் மூவரும் பாலத்தடியில் நின்று பார்த்தோம். பிரபு வீட்டு இளைய மகன். பேரரசருக்காகப் படை நடத்தி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியவர். அங்கிக்குள் இரும்புச் சட்டை மின்ன, கறுப்புக் குதிரை மேல் வந்தார். பேரரசர் தம் கையாலேயே அவருக்குப் பேராயர் பதவிக்கான மோதிரமும் செங்கோலும் கொடுத்தாராம்.

"சாமியாரா, சண்டைக்காரரா இவரு?" என்றாள் ரிலிண்ட்.

"ரெண்டுல எதுவா இருந்தாலும் நமக்கு வேலை வரும்" என்றார் கெர்லாக்.

வேலை வந்தது, ஆனால் நினைத்த மாதிரி அல்ல. பேரரசருக்கும் போப்பாண்டவருக்கும் பகை முற்றி, பேரரசர் தாமாகவே வேறொரு போப்பை நிறுத்தினார். பேராயர்களையெல்லாம் சபைக்கு அழைத்து, புனிதர் எலும்பின் மேல் கை வைத்துத் தம் போப்பை ஏற்கச் சொன்னார். எல்லாரும் கை வைத்தார்கள். எபர்வின் மட்டும் "மாட்டேன்" என்றார். பேரரசரின் சோற்றில் வளர்ந்தவர், அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன சொல் அது. அன்றே நாடு கடத்தப்பட்டார். மலைக்கு அப்பால் ரோம் பக்கம் ஏதோ மடத்தில் தங்கினார் என்று கேள்வி.

அவர் இடத்துக்குப் பேரரசர் வோல்மாரை அனுப்பினார். பதிலுக்குப் போப்பாண்டவர் கோயில் சடங்கு எதுவும் நடக்கக் கூடாதென்று எங்கள் ஊர் மேலேயே தடை போட்டார். மணிகளின் நாக்கைக் கட்டினார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலை முள் வைத்து அடைத்தார்கள். பூசை இல்லை, சாவுக்கு மந்திரிப்பும் இல்லை. பூசை வைக்கச் சொல்லி வோல்மார் மிரட்டிப் பார்த்தார். எங்கள் பங்குச் சாமியார்களுக்கு வாளைவிட நரகத்தின் மேல்தான் பயம் அதிகம்.

அந்த வருஷக் காய்ச்சலில் ரிலிண்ட் போய்விட்டாள். மதிலுக்கு வெளியே, வெள்ளம் வந்தால் முங்கும் நாணல் மேட்டில், செத்த மாடுகளைப் புதைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கெர்லாக் குழி வெட்டினார். தனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தைத் தானே சொன்னார். நானும் இன்னும் நாலு பெண்களும் நின்றோம். அதற்குப் பிறகு ஊரில் செத்தவர்கள் எல்லாருக்கும் அந்த மேடுதான். கெர்லாக் கேலி பேசுவதை விட்டுவிட்டார்.

வருஷங்கள் கழித்துப் பேரரசரும் போப்பாண்டவரும் சமாதானமானார்கள். அதற்குச் சற்று முன்பு வோல்மார் செத்திருந்தார். போப்பாண்டவரால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் என்பதால், தொடத் துணிவில்லாமல் தோல் பதனிடுகிறவன் கொட்டகையில் பெட்டியோடு போட்டு வைத்திருந்தார்கள்.

எபர்வின் திரும்பி வந்தார். குதிரை இல்லை, கழுதை. இத்தாலியச் சதுப்புக் காய்ச்சலில் உடம்பு கரைந்து, கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மணிகள் அடித்தன. ஊரே மண்டியிட்டது. கெர்லாக் மட்டும் தொப்பியைக்கூட எடுக்காமல் பாதை நடுவில் நின்றார்.

"தள்ளுடா, கிழட்டுப் பயலே!" என்றான் காவலன்.

"விடு அவரை" என்று கழுதையை நிறுத்தினார் பேராயர். "என்னப்பா?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டீங்க, சாமி. என் பொண்டாட்டி மாட்டோட மாடா கெடக்கா."

பேராயர் இறங்கினார். "காட்டு" என்றார்.

கூட வந்த குருக்கள் பதறினார்கள். முதலில் தேவாலயம், பிறகுதான் மற்றதெல்லாம் என்றார்கள். அவர் காதில் வாங்கவில்லை. மேட்டின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினார். சேற்றில் வெறுங்காலோடு மேட்டைச் சுற்றி நடந்து, மண்ணெங்கும் தீர்த்தம் தெளித்தார். பிறகு ரிலிண்டின் தலைமாட்டில் நெற்றி மண்ணில் பட விழுந்தார். பேரரசருக்காகப் படை நடத்திய மனிதர்!

எழுந்தபோது அவர் கெர்லாக்கிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

"மறுபடி கேட்டாலும் அதே வார்த்தையைத்தான் சொல்லுவேன்ப்பா. ஆனா இவங்க முன்னாடி வந்து நிக்காம நான் எந்தப் பூசையும் வைக்க முடியாது."

கெர்லாக் தொப்பியை எடுத்தார்.

அடுத்துதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. வோல்மாரின் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார் பேராயர். அவரை மன்னித்துப் புதைக்கப் போப்பாண்டவரிடம் அனுமதி வாங்கியே வந்திருந்தார்.

"அந்த ஆளையா? இங்கயா?" என்று கத்தினார் கெர்லாக்.

"அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சோம். நான் சொன்னதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்ல. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துத் தாமே வெட்ட ஆரம்பித்தார். நடுங்கும் கையில் மண் வரவில்லை. குருக்கள் வானத்தைப் பார்த்தார்கள். கெர்லாக் போய்ப் பிடியைப் பற்றினார்.

"இது என்ன, கஞ்சி கிண்டுறீங்களா? குடுங்க சாமி."

பகைவனுக்கான அந்தக் குழியை அவர் ஆழமாக, ஒழுங்காக வெட்டினார்.

எபர்வின் அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை. நாணல் மேட்டில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். குருக்கள் கேட்கவில்லை, பெரிய தேவாலயத்துக்குள் பளிங்குக்கு அடியில் வைத்தார்கள். தரைக்கல்லைப் பெயர்த்துக் குழி வெட்டியது கெர்லாக்தான். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து ஒரு குவளை பீர் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அங்க மண்ணுல ஈரமே இல்ல, இட்டா" என்றார். "பாவம், மனுசன்."