காணாமல்போன கோப்பும் ஞாயிறு மூன்று மணி நாடகமும்

நகராட்சி ஆவண அறையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவரை எல்லோரும் ரெக்கார்டு அக்கா என்றே கூப்பிடுவார்கள். எந்த வருடத்துக் கோப்பைக் கேட்டாலும் நாற்காலியைத் திருப்பாமலே கை நீட்டி எடுத்துவிடுவார் என்று பேச்சு. பாதி உண்மை. நாற்காலி திரும்பாது, அச்சு உடைந்து நாலு வருடமாகிறது.

அப்படிப்பட்டவர் பொறுப்பில் இருந்த ஒரு கோப்பு காணாமல் போனது. பள்ளிக்கூடத் தெருச் சாக்கடைக்கு மேல் நடைபாலம் கேட்டு ஒன்பது வருடத்துக்கு முன் வந்த மனு அது. தெருக்காரர்கள் மறுபடி வந்து நின்றபோதுதான் அலமாரியில் இல்லை என்று தெரிந்தது. ஆணையர் மெமோ கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கோப்பு வராவிட்டால் சஸ்பென்ஷன்.

"நான் எதையும் தொலைச்சதில்ல சார்," என்றார் அக்கா சூப்பிரண்டிடம்.

"தொலைக்கிற வரைக்கும் எல்லாரும் அப்படித்தாம்மா."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் மூன்று மணிக்கு அக்கா டிவி முன் உட்கார்ந்துவிட்டார். 'கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது' என்று ஒரு நகைச்சுவைத் தொடர். ஒரு மேயர், எதையும் முடிக்காத ஒரு மன்றம், அவ்வளவுதான் கதை. ஊரே சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் போடுகிறார்கள். அக்கா குடியிருக்கும் தெருவில் பார்ப்பவர் இவர் ஒருவர்தான்.

மற்ற தொடர்களில் வாரத்துக்கு நாலு கன்னத்தில் அறை, ஒரு விஷப் புட்டி. இதில் யாரும் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் அவரவர் நாற்காலியைப் பற்றிய பயம் மட்டும்தான். மை உலர்ந்த முத்திரையை நாலு அதிகாரிகள் மாறி மாறி ஊதிப் பார்ப்பார்கள். பின்னணியில் சிரிப்புச் சத்தம் கிடையாது. எங்கே சிரிப்பது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். அக்கா கண்டுபிடித்துவிடுவார்.

பஸ் கண்டக்டரான கணவருக்கு இது விளங்கவே இல்லை. "மத்த நாள்ல பாக்குற ஆபீஸ் போதாதா?"

"லீவுல பஸ் ஏறினா, யாரு டிக்கெட் எடுக்கலன்னு நீங்க எட்டிப் பாக்கறதில்லையா?"

அன்றைய பகுதியில் மேயர் ஒரு கோப்பைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கோப்பின் முதுகில் நீலத் துணி. அக்காவின் முதுகு நிமிர்ந்தது. மகளின் பழைய சீருடையிலிருந்து வெட்டி, அவரே பசை தடவி ஒட்டிய துணி அது.

மகள் செல்போனில் அதே காட்சியைத் தேடி எடுத்து, நிறுத்திப் பெரிதாக்கினாள். தொலைந்த அதே கோப்பின் எண் தெளிவாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை சூப்பிரண்டு தலையில் கை வைத்தார். "மெமோவுக்குப் பதிலா டிவி நாடகத்தையா எழுதப்போறீங்க?"

"எழுதிட்டேன் சார். எத்தனாவது பகுதி, எத்தனாவது நிமிஷம், எல்லாம் போட்டிருக்கேன்."

ஆணையர் அந்த நிமிடத்தை மட்டும் பார்க்கத்தான் அக்காவிடமிருந்து போனை வாங்கினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முழுப் பகுதியும் ஓடியது. முத்திரை ஊதும் இடத்தில் ஆணையர் குலுங்கிச் சிரித்தார். நாடகத்து சூப்பிரண்டு வந்ததும் நிஜ சூப்பிரண்டு முகம் சுளித்தார்.

"இந்த ஆளு யாரைப் பாத்து நடிக்கிறான்?"

ஆணையர் போனில் சத்தத்தைக் கூட்டினார்.

விசாரித்ததில் வழி தெரிந்தது. அக்கா இரண்டு நாள் விடுப்பில் இருந்தபோது ஆவண அறைக்கு வெள்ளையடித்தார்கள். பழைய காகிதம் என்று ஒரு மூட்டையை எடைக்குப் போட அனுமதித்துக் கையெழுத்திட்டவர் சூப்பிரண்டு. பழைய பேப்பர் கடையிலிருந்து காட்சிக்கு வைக்க அதை வாங்கியவர்கள் நாடகக்காரர்கள்.

"பிரிச்சுப் பாத்தீங்களா சார்?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

சூப்பிரண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

வியாழக்கிழமை கோப்பு திரும்பி வந்தது, மெமோ ரத்தானது. ஆணையர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'அனுமதிக்கலாம்' என்று எழுதி நாடக மேயர் போட்ட கையெழுத்து. ஒன்பது வருடத்தில் அந்தப் பக்கத்தில் விழுந்த ஒரே கையெழுத்து.

"இதை அடிச்சிடலாமா?"

"அடிக்க வேணாம் சார்," என்றார் அக்கா. "கீழ உங்களுக்கு இடம் இருக்கு."

ஆணையர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். அவர் படித்து முடிக்கும்வரை அக்கா அங்கேயே நின்றார்.