ஈயச் சிப்பாய்களுக்கு வெள்ளைச் சட்டை

போன வாரம் தில்லை நகரில் கண் டாக்டருக்காகக் காத்திருந்தேன். ஜன்னல் கம்பிக்கு ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். டர்பன்டைன் நெடி தாங்காமல் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போக, நான் மட்டும் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்த வாசனையில் எனக்கு ஒரு படையே இருந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அறுபதுகளின் தொடக்கம். நானும் ஆரோக்கியம் சாரும் ஒரே ஹைஸ்கூலில் வாத்தியார்கள். எனக்குக் கணக்கு, அவருக்குச் சரித்திரம். வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் திருச்சிக்காக அடித்துக்கொண்ட கதையை வகுப்பில் நடத்தினதோடு அவர் நிற்கவில்லை. ஈயத்தைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, விரல் நீளச் சிப்பாய்களாகவே வார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்ததும், பாலக்கரையில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் யுத்தம். நீலத் துணி காவிரி, சாக்பீஸ் பெட்டி மலைக்கோட்டை. நகர்வதற்கு அடிக்கோல், சுடுவதற்குத் தாயக்கட்டை. கோட்டை அவருக்கு. நான் ஸ்ரீரங்கத்துக்காரன் என்பதால் தீவில் முகாம் போட்ட பிரெஞ்சுப் படை என் தலையில் விழுந்தது. அவர் ஆட்களுக்குச் சிவப்புச் சட்டை, என் ஆட்களுக்கு வெள்ளை.

அவர் மனைவி பிலோமினா சமையலறையிலிருந்தே சொல்வார்: "பன்னெண்டரைக்கு சோறு போடணும். அதுக்குள்ள திருச்சிய யாராவது ஒருத்தர் பிடிச்சுடுங்க."

கடைசியில் திருச்சி எப்போதும் ஆரோக்கியம் சார் கையில்தான். ஏழு தடவை ஆடி ஏழு தடவையும் தோற்றிருந்தேன். மனுஷர் சிரித்துக்கொண்டே ஜெயிப்பார், அதுதான் எனக்கு ஆகாது. அந்தச் சமயத்தில் அவருக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தது. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு பாக்கி. அன்றைக்கு அவரை ஜெயித்தே தீருவது என்று வைராக்கியமாக அவரிடமே நாற்பது புது ஆட்களை வார்த்து வாங்கி வந்தேன். வர்ணம் அடிக்காத ஆள் சண்டையில் சேர்த்தி இல்லை என்பது எங்கள் சட்டம். அவர் சோம்பல்பட்டு வெறும் ஈயத்தை நிறுத்துகிறார் என்று நானே கொண்டுவந்த சட்டம்.

ஸ்கூல் விட்டு வந்ததும் பிரஷைப் பிடித்தால் இருட்டும்வரை அதுதான் வேலை. தொப்பிக்குக் கறுப்பு, கண்ணுக்கு ஈர்க்குச்சி நுனியால் ஒரு புள்ளி. இருபத்தாறு பேருக்குச் சட்டை ஏறியதும் வெள்ளை எனாமல் தீர்ந்துபோயிற்று. ஞாயிறு காலை, எந்தக் கடையும் திறக்கவில்லை. அப்போது கண்ணில் பட்டது அப்பாவின் திருமண் பெட்டி. காலையில் குழைத்து நெற்றியில் இட்டால் நாள் முழுக்க அசையாத மண், ஈயத்தில் நிற்காதா? தண்ணீர் விட்டுக் குழைத்துப் பதினாலு பேருக்கும் பூசினேன். எனாமலைவிட அழகாக இருந்தது, சத்தியமாக.

பஸ் குலுக்கிய குலுக்கலில், பாலக்கரையில் அட்டைப்பெட்டியைத் திறந்தபோது அடியில் வெள்ளைப் பொடி. பதினாலு பேரும் வெறும் ஈயம்.

"இவங்கல்லாம் சட்டையக் கழட்டிட்டாங்களே சார்" என்று சிரித்தார் ஆரோக்கியம்.

"பாவம், சேத்துக்குங்க. கடைசி ஆட்டம்தானே" என்றார் பிலோமினா.

"வேண்டாங்க. சட்டம்னா சட்டம்தான்" என்றேன். வீம்புக்கு என்ன குறைச்சல்?

இருபத்தாறு பேரோடு இரண்டு தடவை காவிரியைத் தாண்டினேன். இரண்டு தடவையும் துரத்தப்பட்டேன். கடைசியில் மூன்றே பேர் மிஞ்சினார்கள்.

"சரண்டர் ஆயிடுங்க சார். குழம்பு ஆறுது" என்றார் ஆரோக்கியம்.

"மாட்டேன்."

ஒரு மணிக்கு அந்த மூவரும் விழுந்தார்கள். "லீவுக்கு வருவேன், அப்பப் பாத்துக்கலாம்" என்று என் தோளைத் தட்டினார். வீட்டுக்கு வந்தால் அப்பா காத்திருந்தார். "ஏண்டா, பெருமாள் திருமண்ணைப் போய் பரங்கிக்காரன் சட்டைக்கா பூசினே?" தோற்ற எரிச்சலில் எனக்கு அது காதிலேயே ஏறவில்லை.

மறுவாரமே எனாமல் வாங்கி, அந்தப் பதினாலு பேருக்கும் இரண்டு கோட்டு அடித்தேன். அவருடைய ஒவ்வொரு லீவுக்கும் துடைத்துத் தயாராக வைத்தேன். ஒவ்வொரு லீவும் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போயிற்று. அந்தப் பாலக்கரை வீடு இன்று இல்லை, செல்போன் கடை இருக்கிறது. சாப்பாட்டு மேஜை எங்கே போயிற்றோ.

மூன்றாம் வருஷம் தந்தி வந்தது. மாரடைப்பு. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எட்டு தடவை ஜெயித்துவிட்டு, ஒரு தடவைகூடத் தோற்காமல் போய்விட்டாரே என்று. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.