இடி வீட்டு ஈரச்சுவர்

லாரி டயர் பட்டறையில் அவனுக்கு இடி என்று பேர். வைத்தவர் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். துருப்பிடித்த நட்டு சுழலாவிட்டால் மற்றவர்கள் எண்ணெய் விட்டுக் காத்திருப்பார்கள். இடி சம்மட்டியை எடுப்பான். நட்டு கழன்று வரும், இல்லையென்றால் போல்ட்டே முறிந்து வரும். எது வந்தாலும் வேலை முடிந்ததென்பது அவன் கணக்கு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். சம்மட்டியோடு நிற்கிறவனிடம் எத்தனை தடவை சொல்வது?

அப்பா கட்டிய வீட்டைப் பிரித்தபோது மாடி அண்ணனுக்கு வந்தது, கீழ்வீடு இவனுக்கு. அண்ணன் தையல்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். அவரையே அன்று இடி, பங்கில் ஏமாற்றிய திருடன் என்று சொல்லி, அவர் கையால் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை வாங்கினான். பெண்டாட்டி பார்க்க வாங்கிய அறை. திருப்பி அடிக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து மாடிக்கு ஏறும் படிக்கட்டின் கதவுக்குக் குறுக்கே பலகைகளை வைத்து, சுவரோடு சேர்த்து நீள ஆணிகளாக அடித்தான். ஓர் ஆணிக்கு ஒரு வசவு.

"செத்தாலும் இந்த வழியா வராத" என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணனுக்குக் கேட்கும்படி சொன்னான். அன்றிலிருந்து அண்ணன் வீட்டார் வெளிப்படியில் ஏறி இறங்கினார்கள். அண்ணா என்ற சொல் இவன் வாயில் வரவேயில்லை.

வருஷங்கள் போயின. அந்தக் கதவோரச் சுவர் ஈரம் கோத்தது. பெயின்ட் கொப்புளித்தது, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. மெத்தை நாறியது. அலமாரியில் மகளின் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடித்தன.

"ஒரு பிளம்பரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்றாள் பெண்டாட்டி.

"பிளம்பர் எதுக்கு? மேல இருக்கிறது அவன் பாத்ரூம். வேணும்னே தண்ணி விடுறான்."

ஒரு நாள் அந்தச் சுவரில் ஸ்விட்சைத் தொட்ட பெண்டாட்டியைக் கரண்ட் தூக்கி எறிந்தது. கட்டில் விளிம்பில் பின்மண்டை மோதி ரத்தம் கொட்டியது. இடி அவளைத் தூக்கி உட்கார வைத்தான், துணியை மடித்துக் காயத்தில் அழுத்தினான். பிறகு சம்மட்டியோடு வெளிப்படியில் ஏறினான்.

அண்ணி கதவைத் திறக்குமுன் உதைத்துத் திறந்தான். பாத்ரூமுக்குள் போய்த் தரையில் ஓங்கிப் போட்டான். ஓடுகள் சிதறின, ஒரு சில்லு அவன் நெற்றியையே கிழித்தது. தொட்டி நொறுங்கியது, குழாய் வளைந்தது.

"டேய், விடுடா. சொல்றதைக் கேளு" என்று அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். ஓங்கிய சம்மட்டி இறங்கியது. மணிக்கட்டு சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கிய சத்தத்தை இடியும் கேட்டான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அண்ணி இரும்பு வாளியால் அவன் முகத்தில் அடித்தாள், மறுபடி அடித்தாள். முன்பல் ஒன்று போனது. அவள் அடித்தது போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார் அண்ணன். எலும்பு கூடிவிடும், அந்தக் கை இனிக் கத்திரி பிடிக்குமா என்பதைச் சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்தார். வீடு திரும்பியதும் அண்ணி வெளிப்படியின் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டாள்.

இடிக்கு இனி மிச்சமிருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். மாடி பாத்ரூம் உடைந்து கிடக்கிறது, யாரும் புழங்கவில்லை. சுவர் காய்ந்தால் அண்ணன் மேல்தான் தப்பு, பட்டது அவர் வினை. காயாவிட்டால், ஒன்றும் செய்யாத மனிதனின் கையை உடைத்தவன் இவன். காலையில் பல் தேய்க்குமுன் சுவரைத் தடவிப் பார்த்தான். உள்ளங்கை நனைந்தது. மறுநாள் இன்னும் நனைந்தது.

கடைசியில் பெண்டாட்டியே பிளம்பரை அழைத்து வந்தாள். அவர் கதவுப் பலகையை ஒட்டிப் பூச்சைக் கொத்தினார். உள்ளே பைப்.

"மாடி டேங்க்லேருந்து உங்க வீட்டுக்கு இறங்குற பைப்புண்ணே இது. பாருங்க, ஆணி குத்தியிருக்கு. அடிச்ச அன்னைக்கு ஆணியே ஓட்டையை அடைச்சிருக்கும். துருப்பிடிச்சு அரிச்சதும் கசிய ஆரம்பிச்சிருக்கு." அவர் பலகையைப் பார்த்தார். "இதை யாரு அடிச்சது?"

பெண்டாட்டி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைக்காயத்துக் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை.

"இருங்கண்ணே, மேல போய் வால்வை மூடிட்டுத்தான் பிடுங்கணும்" என்றார் பிளம்பர், இடி கடப்பாரையை எடுப்பதைப் பார்த்து.

இருப்பதென்பது அவனுக்குப் பிறவியிலேயே இல்லாத குணம். கடப்பாரையை ஆணிக்கடியில் கொடுத்து நெம்பினான். ஆணியோடு பைப்பும் பிளந்தது. தண்ணீர் அவன் முகத்தில் அறைந்தது. இரண்டு கையாலும் பிளவை அமுக்கினான், விரலிடுக்கில் பீறிட்டது. ஸ்விட்சுப் பெட்டியில் படபடவென்று பொறி பறந்தது. பெண்டாட்டி மகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பிளம்பர் மெயினை அணைத்துவிட்டு வெளிப்படிக்கு ஓடி, பூட்டிய கதவை உலுக்கினார்.

இடி பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு கத்தினான். முதலில் வெறும் சத்தம்தான் வந்தது. பிறகு அந்தச் சொல் வந்தது.

"அண்ணா. வால்வை மூடுண்ணா."

உள்படிக்கட்டில் காலடிகள் இறங்கி வந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன. அண்ணியின் குரல் நிதானமாகக் கேட்டது.

"எந்தக் கையால மூடட்டும்னு உங்கண்ணன் கேக்குறாரு, தம்பி."

இடி பதில் சொல்ல வாயைத் திறந்தான். தண்ணீர்தான் உள்ளே புகுந்தது.