பெண்களின் பயத்தைக் கேட்டவள் சுகந்தி

திங்கட்கிழமை காலை. அலுவலகத்துக்குள் நுழைந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, கைபேசி அடித்தது. சுகந்தியின் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண். "கிரேஸ்க்கா, உடனே வாங்க. சுகந்திக்கா எழுந்திருக்கல. அவங்க அம்மா யாரையும் கிட்ட வுடமாட்டேங்குறாங்க" என்றாள். குரலில் இருந்த நடுக்கத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும், காய்ச்சலாக இருக்கும், சர்க்கரை இறங்கியிருக்கும் என்று ஆட்டோவில் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

சுகந்தி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுடைய அம்மா சரோஜா ஓரத்தில் உட்கார்ந்து மகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதம்மா. இப்பதான் கண்ணு அசந்தா. ராத்திரி பூரா என்னாலதான் அவளுக்குத் தூக்கம் இல்ல."

நான் சுகந்தியின் கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி. மகள் கடைசியில் ஓய்வெடுக்கிறாள் என்ற நிம்மதி. மறதி நோய் வந்த இந்த அம்மாவிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னாலும் நாளைக்கு நினைவிருக்குமா, ஒவ்வொரு காலையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்குமா? அன்று எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவள் மேடம், சிலருக்கு அக்கா. எனக்கு அவள் ஒரே அறையில், எதிர் மேசையில், பல வருடம் உட்கார்ந்திருந்த தோழி. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒரே பெண்களை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. வயதுக்கு வந்த புதிதில் பார்த்த பெண்ணைப் பிள்ளை பெற்றபின் பார்ப்போம். மாதவிடாய் நிற்கும் வயதில் பார்த்தவளை, பேரன் பேத்தி எடுத்தபின் பார்ப்போம். யாருக்கு மருத்துவமனை எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை, அந்த வித்தியாசம் எந்த வயதில் தொடங்குகிறது என்று தேடுவோம். சுகந்திதான் தலைமை. எல்லாக் கேள்விகளுக்கும் கடைசியில் அவள் பிடிவாதமாக ஒன்றைச் சேர்த்தாள்: "உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

அதுவரை மடமடவென்று பதில் சொல்லிவந்த பெண்கள் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். ஒருத்தி அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். ஒருத்தி சிரித்துச் சிரித்து, கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தென்னேரியில் வயலில் நின்றுகொண்டே பேசிய ஒரு பெண், "இதெல்லாம் கேக்காத கண்ணு, வயித்த கலக்குது" என்றாள். திரும்பி வரும்போது பேருந்தில் சுகந்தி என்னிடம் சொன்னாள்: "அவங்க பயத்த லேசா எடுத்துக்காதப்பா. உடம்புக்கு அந்த ஒரு பாஷதான் தெரியும்."

ஜமுனாவை உங்களில் சிலருக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்பவள். கணவருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். ஒரு மத்தியானம் நாங்கள் போனபோது அவள் தறிக்குழியில் காலை விட்டபடியே பேசினாள். அவர் சாப்பாடு, அவர் மாத்திரை, அவர் தூக்கம், எல்லாம் சொன்னாள்.

"உன் உடம்பு எப்படி இருக்குது ஜமுனா?" என்று சுகந்தி கேட்டாள்.

"பரவால்ல மேடம்."

நான் அடுத்த கேள்விக்குப் போக வாயைத் திறந்தேன். சுகந்தி என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சற்றுக் கழித்து ஜமுனாவே சொன்னாள்: "தண்ணிக் கொடத்தத் தூக்கினு படியேறினா தாடை இறுக்கிப் புடிக்குது மேடம். குப்புனு வேர்க்குது. ஒக்காந்தா சரியாப்பூடுது. நேத்துலேர்ந்து ஒக்காந்தாலும் போமாட்டேங்குது."

சுகந்தியின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை என்று எத்தனையோ கூட்டத்தில் பேசியவள். உடனே ஆட்டோ கூப்பிட்டாள். ஜமுனா எழுந்திருக்க மறுத்தாள்.

"நான் பூட்டா இவர யாரு திருப்பிப் போடுறது? முதுவுல புண்ணு வந்துடும் மேடம்."

"கிரேஸ் இருப்பா. போலாம் வா."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜமுனா போகிற அவசரத்திலும், எந்தப் பக்கம் தலையணை வைக்க வேண்டும், எப்படித் தோளைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்று மாலைவரை அந்த மனிதரோடு தனியாக இருந்தேன். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் கண்ணில் நீர் வழிய, குழறிய நாக்கால் ஒன்றையே கேட்டார்: "வருவாளா?" எனக்கும் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு ஒருவர் கண்ணைப் பார்ப்பது எவ்வளவு பயங்கரம் என்று அந்த அறையில்தான் கற்றேன். ஜமுனா பிழைத்தாள். சென்னைக்கு அனுப்பி, இரத்தக்குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். வெளியே வந்து சுகந்தி என்னிடம் சொன்னது இது: "பரவால்லன்னு ஒரு பொம்பள சொன்னா அடுத்த கேள்விக்குப் போகாதப்பா. அங்கயே நில்லு."

சரோஜா அம்மாவுக்கு மறதி நோய் என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான். முதலில் உப்பை இரண்டு தடவை போட்டார். பிறகு மகளையே, "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்கத் தொடங்கினார். சுகந்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி சேகர் ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தான். ஆகவே அம்மா சுகந்தியிடம் இருப்பார் என்பதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அது தானாகவே அப்படி ஆனது. "நம்ம ஆராய்ச்சில வர்ற மாதிரியே ஆயிட்டேன் பாரு" என்று ஒருமுறை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருடம் கருட சேவை அன்று, வரதராஜர் புறப்பாட்டுக்கு ஊரே தெருவில் நின்றது. பால்காரருக்குக் கதவைத் திறந்த சுகந்தி உள்ளே போய்ப் பாத்திரம் எடுத்து வருவதற்குள் அம்மா வெளியே போய்விட்டார். உடனே எனக்குப் போன் செய்தாள். நான் போய்ச் சேர்ந்து, இருவரும் அந்தக் கூட்டத்துக்குள் இறங்கினோம். வெள்ளைத்தலை தெரிந்த இடமெல்லாம் ஓடினோம். தோளைத் தொட்டுத் திருப்பினால் வேறு யாரோ. ஒலிபெருக்கிச் சத்தத்தில் "அம்மா" என்று அவள் கத்தியது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. தேர் நிறுத்தும் தேர்முட்டிப் பக்கம் வந்ததும் அவள் திடீரென்று ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"சுகந்தி, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லப்பா. வெயிலு."

"தோள ஏன் புடிச்சிக்கினு இருக்க?"

"மொதல்ல அம்மாவ தேடு கிரேஸ். நான் வர்றேன்." அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. அம்மாவைத் தேடுவதா, இவளைப் பார்ப்பதா என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றேன். அன்று எனக்கு இருந்த பயத்துக்கு இரண்டு பக்கமும் முகம்.

அம்மா கிடைத்தார். திருவிழாவுக்காக ஊருக்கு வெளியே தற்காலிகமாகப் போட்டிருந்த பேருந்து நிலையத்தில், வாலாஜாபாத் வண்டியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் பிறந்த ஊர் அந்த வழியில் இருக்கும் தென்னேரி. நடத்துனர் வண்டியை எடுக்காமல் கீழே நின்று எங்களைப் போன்றவர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா நீங்க, ஆயாவ தனியா வுட்டுட்டு. எங்க எறங்கணும்னு கேட்டா ஏரிக்கிட்டன்றாங்க. ஏறுன வண்டிய வுட்டு எறங்கவும் மாட்டேன்றாங்க" என்று திட்டினார். சுகந்தி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பேருந்துக்குள் ஏறி அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதாள். அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "ஏம்மா அழுவுற? உங்க வூட்டுக்கு வழி தெரியலயா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் அவளை விடவில்லை. இதயப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி நச்சரித்தேன். அவளுக்கும் தெரியும். தெரியாமல் போனவள் அல்ல அவள். இந்த ஊரில் அந்த அறிகுறிகளை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். அன்று காலை அம்மாவோடு இருக்க நான் போனேன். சுகந்தி செருப்பை மாட்டியதும் அம்மா அலறிக்கொண்டு வாசற்படியில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "இவ என்ன கொல்ல வந்துக்கிறா" என்றார். சுகந்தி செருப்பைக் கழற்றினாள். "ஆடியில சேகர் லீவுல வர்றான்பா. அவன் இருக்கும்போது போயிட்டு வந்துடுறேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, என் முகத்தைப் பார்க்காமல், "ராத்திரியில எனக்கு ஏதாவது ஆயிட்டா அம்மா காலையில என்ன பண்ணுவாங்கன்னுதான் பயமா இருக்குது" என்று சொன்னாள். தனக்கு என்ன ஆகும் என்று அவள் பயப்படவில்லை.

ஆடி பிறக்கவில்லை. அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். இனி அம்மாவை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. பெரியவர் ஒருவர், "அதான் மருமக இருக்குதே" என்றார். எல்லாருடைய பார்வையும் சேகரின் மனைவி புவனாவின் மேல் திரும்பியது. புவனா ஏற்கெனவே ஓசூரில் தன் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள். சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் பாதி நாள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவள். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்குப் பயமா இருக்குது. அண்ணிய பாத்தீங்க இல்ல? அண்ணிக்குத் தெரியாததா? அவங்களுக்கே இப்பிடின்னா நான் எம்மாத்திரம்? நானும் ஒருநா இப்பிடித்தான் கெடப்பேன்."

"சாவு வூட்டுல பேசுற பேச்சா இது?" என்று பெரியவர் அதட்டினார். சுகந்தி உயிரோடு இருந்திருந்தால் இந்த இடத்தில் யாரையும் அடுத்த பேச்சுக்கு நகர விட்டிருக்கமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் பேச எனக்கு வாய் வருவதற்குள் சேகர் பேசிவிட்டான்.

"புவனாவ யாரும் கேக்க வேணாம். அம்மாவ நான் பாத்துக்குறேன்."

"நீயா? ஆம்பளப் புள்ள நீ, எப்பிடிடா குளிப்பாட்டுவ?"

"கத்துக்குறேன் மாமா."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் இரத்தமே இல்லை. சொன்ன வார்த்தைக்கு அவனே பயந்துபோயிருந்தான்.

சேகர் ஓசூர் வேலையை விட்டான். பக்கத்தில் ஒரகடத்தில் சிறிய வேலை ஒன்று தேடிக்கொண்டு அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டான்; புவனா தன் அப்பாவோடு ஓசூரிலேயே இருக்கிறாள். அவன் வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறான். ஆரம்பத்தில் அம்மா அவனைத் திருடன் என்று கத்தினார், அக்கம்பக்கம் ஓடிவந்தது. முதல்முறை தலைக்கு ஊற்றும்போது அம்மா அவன் கையைக் கடித்துவிட்டார். அவன் குளியலறை வாசலில் ஈரத்தோடு உட்கார்ந்து, கடிபட்ட கையைப் பார்த்து அழுதான். பிறகு எழுந்து மறுபடி உள்ளே போனான். இப்போது அம்மா அவனைத் தன் அண்ணன் என்று நினைக்கிறார். அவனும் அண்ணனாகவே பேசுகிறான். சுகந்தி எங்கே என்று அம்மா கேட்டால் நாங்கள் யாரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. எந்தப் பதிலும் எங்களுக்குச் சரியாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேகர் ஓசூருக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்து வருவான். அன்று அம்மாவோடு நான் இருக்கிறேன். அலுவலகத்தில் நாங்கள் எல்லாப் பெண்களும் இதயப் பரிசோதனை செய்துகொண்டோம். எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து மாத்திரை போடுகிறேன். நாற்பதைத் தாண்டிய பெண்கள் இதைப் படித்தால், நீங்களும் போய் வாருங்கள். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவராக இருந்தால் நாளைக்கே போங்கள்.

போன ஞாயிறு சேகர் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவன் போகாமல் திரும்பினான். "கிரேஸ்க்கா, தனியா இருக்க உங்களுக்குப் பயமா இல்லயா?" என்று கேட்டான்.

"பயமாத்தான் இருக்குது."

"எனக்கும்தான்க்கா. டெய்லி."

"சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சி. ரெண்டு பேரும் பயந்துக்கினே பாத்துப்போம், போ."

சுகந்தி இந்த வீட்டில் இதே பயத்தோடு தனியாக இருந்தாள். அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அதில் ஒரு பங்கு. வாரத்தில் ஒரு நாள் அளவுக்கான பங்கு. மிச்சத்தைச் சேகர் வைத்திருக்கிறான்.